பாண்டிசெல்வியின் குரல்

மம்சாபுரத்தில் எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஹெப்சிபா. யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷி. பக்கத்து வகுப்பு டீச்சரான நான் எத்தனையோ தடவை இதற்காகத் திட்டியிருக்கிறேன்.

அவர் வகுப்பில் பாண்டிசெல்விக்குத் திக்குவாய். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வாயே திறக்க மாட்டாள். ஹெப்சிபா அவளைத் தனியே உட்காரவைத்து, டேப்லெட்டில் படம் வரைந்து அதற்குக் கதை சொல்லச் சொன்னார். படமும் குரலும் பதிவாகி வகுப்பின் கிளவுட் கணக்கில் சேர்ந்தன.

"யா... யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டியளே டீச்சர்?"

"நமக்குள்ளதாம்ட்டி. சத்தியமா."

அக்டோபரில் ஒரு நாள், வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டாள். ஹெப்சிபா அழுதேவிட்டார்.

அந்தக் கணக்கைத் தொடங்கிய அன்று ஹெப்சிபாவின் போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. கூட வேலை பார்த்த வின்சி, "எந் நம்பரப் போடு. நீ வேற நான் வேறயா?" என்றாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். நம்பரைப் பிறகு மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அரையாண்டு லீவு முடிந்ததும் வின்சி ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனாள். மறுவாரமே கணக்கு திறக்கவில்லை. பாஸ்வேர்டு மாறியிருந்தது. ஓடிபி வின்சிக்குத்தான் போகும், அவளோ போனை எடுக்கவில்லை. "புது இடம், வேலையா இருப்பா" என்று அப்போதும் ஹெப்சிபா பரிந்து பேசினார்.

பிப்ரவரியில் அந்தப் பள்ளியின் அட்மிஷன் விளம்பரம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. பாண்டிசெல்வி வரைந்த ஆடு. பாண்டிசெல்வியின் குரல், திக்கித் திக்கி. கீழே, 'எங்களிடம் பேசத் தயங்கும் குழந்தையும் கதை சொல்லும்.'

ஹெப்சிபா என் போனிலிருந்து ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டதும் வின்சி எடுத்தாள்.

"புள்ள பேரு போடலல்லா, பொறவு எதுக்குக் கத்துத?"

இவளுக்கா ஹெப்சிபா தன் சோற்றில் பாதியைக் கொடுத்தார்! ஹெப்சிபா அழைப்பைத் துண்டித்துவிட்டு போனை என்னிடம் தந்தார்.

மறுநாள் பாண்டிசெல்வியின் முன் மண்டியிட்டு, "நான் குடுக்கலட்டி. வின்சி டீச்சர் எடுத்துட்டாவ" என்றார்.

"நீங்கதான சத்தியம் பண்ணுனிய?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. அதில் ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

அதுதான் கடைசி. பெயர் கூப்பிட்டால் இப்போது கையை மட்டும் தூக்குகிறாள்.