காது மூடினால்தான் படம்

ஐஸ் கம்பெனியின் குளிர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் ஜான்சன் நடக்கமாட்டார். அப்படியே நின்று எண்ணத் தொடங்குவார். உள்ளே உறைகுளிரில் இருந்த மூக்குக்கண்ணாடி, வெளிக்காற்று பட்டதும் பால் ஊற்றியதுபோல் மங்கிப்போகும். அது தெளிவதற்குள் எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார். சித்திரையில் நாற்பதைத் தாண்டும். ஐப்பசி மழையில் முப்பது. கார்த்திகை தீபம் கழிந்த ஏதோ ஒரு மாலையில், ஒன்பது எண்ணும்போதே எதிரில் நிற்கும் வேப்பமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

"வந்துட்டான்டா பெஞ்சமினு" என்பார், உள்ளே ஐஸ் பாரை இழுத்துக்கொண்டிருக்கும் கூட்டாளி பெஞ்சமினிடம். குளிர்காலம் அவருக்கு எப்போதும் ஆண்பிள்ளை. வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை பை நிறைய சாமானுடன் வந்திறங்குகிற தம்பி.

அன்று வீட்டுக்குப் போகிற சைக்கிளில் வேகம் கூடியிருக்கும். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவரைத் தாண்டி, மூன்றாவது சந்தில், மாடியில் தகரக்கூரை போட்ட வீடு அவருடையது. ஏறிப்போய்ப் பரணிலிருந்து இரும்புப்பெட்டியை இறக்குவார். திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் சந்து முழுக்கப் போகும். எதிர்வீட்டுத் தையல்காரி சுராயா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

"ஜான்சண்ணே, பொட்டி தொறந்துட்டியா? இந்த வாரம் படம் கீதா?"

"கீது. தெரய தொவச்சி வெய்யி."

திரை சுராயாவின் கைவேலை. இரண்டு வெள்ளைப் போர்வைகளை மூட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியில் பட்டி வைத்துத் தைத்திருக்கிறாள். நடுவில் ஓடும் தையல் எல்லாக் கதாநாயகர்களின் மூக்கையும் இரண்டாகப் பிரிக்கும். ஐந்து நிமிடத்தில் அது பழகிவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஜான்சனுக்கு ஐம்பத்தொரு வயது கழன்று விழுந்துவிடுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். "கண்ணால பாத்து கம்பளி வாங்கறவன் ஏமாந்து போவான். கன்னத்துல வெச்சி பாரு. குத்துச்சின்னா நைலானு." கழுத்தோடு இறங்கும் காப்பிக்கொட்டை நிறக் குரங்குக் குல்லா, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் விரித்து விற்றவரிடம் வாங்கியது. முழங்கை தேய்ந்து சுராயா தோல் ஒட்டுப்போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். கையில்லாத ஸ்வெட்டர் மூன்று. மஃப்ளர்கள், சாக்ஸ்கள், வருகிறவர்களுக்கென்று உபரியாக நான்கு குல்லாய்கள். அவருடைய சட்டம் சுருக்கமானது: "மொதல்ல காது. அப்பறம் கால். ஒடம்பு கடசி. காதயும் காலயும் மூடிட்டா ஒடம்பு தன்னால அடங்கிக்கும்."

ஊரில் அப்போது வெப்பம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று டிகிரி. வேன் ஓட்டும் வரதன் வேண்டுமென்றே அரைக்கால் டிரவுசரோடு படியேறி வருவான்.

"இந்த குளுருக்கா இவ்ளோ மூட்ட? ஊட்டிக்காரன் பாத்தான்னா விழுந்து விழுந்து சிரிப்பான் அண்ணாத்த."

"ஊட்டிக்காரனுக்கு தெனம் கெடைக்கிது. நமக்கு நாப்பது நாளு. கெடைக்கறப்ப போட்டுக்கணும். இந்தா, காத மூடு. இல்லன்னா எறங்கு."

வரதன் குல்லாயை மாட்டிக்கொள்வான். காது மூடாதவருக்கு அந்த மாடியில் படம் கிடையாது.

சனிக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு ஆரம்பம். தகரக்கூரைக்கு மூன்று பக்கம் சுவர் இல்லை. கடல் காற்று கேட்காமல் வந்துபோகும். பத்துப்பேர் கோரைப்பாயிலும் நாற்காலியிலுமாக உட்காருவார்கள். அவித்த வேர்க்கடலை ஒரு அண்டாவில். சுக்குக் காப்பி ஒரு தூக்கில். படத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அதில் பனி விழவேண்டும். எந்த நாட்டுப் படமாகவும் இருக்கலாம். தமிழில் பேசினால் போதும். ஒருமுறை சுராயா பாலைவனப் படமொன்றைக் கொண்டுவந்தபோது ஜான்சன் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மஃப்ளரை அவிழ்த்தார். "வேர்க்குது சுராயா. படத்துலயும் குளுரணும், வெளியவும் குளுரணும், நடுவுல நம்ம மட்டும் கதகதன்னு ஒக்காந்துகினு இருக்கணும். அதான்மா சொகமே."

அந்தப் பத்து நிமிடத்தோடு பாலைவனம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வியர்க்க வியர்க்கக் கடைசிவரை ஓட்டினார். தொடங்கிய படத்தை ஜான்சன் நிறுத்தியதே இல்லை. தொழில் அப்படி. தொட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரை நிறுத்தினால் பாரின் நடுவில் வெள்ளையாகப் பூத்துவிடும். உடைத்தால் பொறபொறவென்று உதிரும். "பாதில நிறுத்தன ஐஸும் படமும் ஒண்ணு. எதுக்கும் ஆவாது." கரண்ட் போனால் புரொஜெக்டருக்குக் கைகொடுக்க ஒரு பேட்டரி இருக்கிறது. கீழே வரதனின் வேன் டயர் வெடித்த அன்றும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஜான்சன் கையில் ஒரு நற்சான்றிதழ் இருந்தது: மனைவி ஜாக்குலின். நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம், ஐந்தாம் மாடிகளைத் துடைக்கிற வேலை அவளுக்கு. திங்கள் முதல் சனி வரை மூன்றரைக்கு எழுந்து, வரதனின் நாலேகால் வேனைப் பிடிக்கவேண்டும். வருஷம் முழுக்க ஏசிக் குளிரில், கம்பெனி கொடுத்த மெல்லிய மேல்சட்டையோடு எட்டு மணிநேரம். சனிக்கிழமை மாலை நாவற்பழ நிற ஸ்வெட்டருக்குள் கைகளை நுழைத்து, சாக்ஸ் மாட்டி, காலடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டால், படத்தில் முதல் பனி விழுவதற்குள் தூங்கிவிடுவாள். பதினொரு மார்கழியில் அவள் ஒரு படத்தின் முடிவையும் பார்த்தது கிடையாது.

"பாத்தியா, என் ஸ்வெட்டரு செய்ற வேலய" என்று ஜான்சன் கூட்டத்துக்குக் காட்டுவார். அவள் தூக்கத்தைப் பரிசுக்கோப்பைபோலத்தான் வைத்துக்கொண்டிருந்தார், இந்த வருஷம் மார்கழி இரண்டாவது வாரம் வரை.

அந்த வியாழக்கிழமை டீக்கடையில் வரதன் அவரை ஓரமாக இழுத்தான்.

"அண்ணாத்த, ஒண்ணு சொல்லுவேன், கோச்சிக்காத. அக்கா வேன்ல கத சொல்லும், தெரியுமா?"

தெரியாது. திங்கட்கிழமைதோறும் வேனில் வரும் எட்டுப் பெண்களுக்கும் சனிக்கிழமைப் படத்தை ஜாக்குலின் சொல்கிறாள். மாமல்லபுரத்தில் கதாநாயகன் வருவான். திருப்போரூரில் சண்டை. கேளம்பாக்கத்தில் முடிவு. பார்க்காத முடிவை எப்படிச் சொல்கிறாள் என்றால், அவளே கட்டிக்கொள்கிறாள். அவள் முடித்துவைத்த படங்களில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார்கள். நிஜ முடிவைப் பார்த்திருந்த வரதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் கேட்டுவருவான். "நெசமா சொல்றேன், சில படம் அக்கா சொன்னதுதான் நல்லா இருந்திச்சி."

இந்தத் திங்கட்கிழமை மாட்டிக்கொண்டாள். கன்னியம்மா என்கிற சின்னப்பெண் அதே படத்தைப் போனில் பார்த்துவிட்டிருந்தாள். "இன்னாக்கா ரீலு வுடற? அவன் எங்க வூட்டுக்கு வந்தான்? பனிக்குள்ள பொதஞ்சி செத்தே பூட்டான். நீ தூங்கிட்டியா?" வேனே சிரித்தது. ஜாக்குலினும் சிரித்தாள். ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முன்சீட்டை விட்டுக் கடைசி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அடுத்த திங்கக்கெழம முடிவு இன்னான்னு கன்னியம்மா கேப்பா. இந்த தபா அக்கா பாத்தே ஆவணும் அண்ணாத்த" என்றான் வரதன்.

ஜான்சன் டீயைக் கையில் வைத்தபடியே நின்றார். ஆடை கட்டிவிட்டது.

சனிக்கிழமை மாடிக்கு வந்த ஜாக்குலின், ஆணியில் தன் ஸ்வெட்டர் இல்லாததைப் பார்த்தாள்.

"யோவ், என் ஸ்வெட்டரு எங்க?"

"தொவச்சேன். காயல."

"சாக்ஸு?"

"அதுவும்தான்."

பதினொரு வருஷத்தில் அந்த மனிதர் மார்கழியில் கம்பளி துவைத்தது கிடையாது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஜான்சன் அவள் காதை மட்டும் மூடிவிட்டு, பாயில் அவளுடைய மெத்தென்ற மூலையைக் கொடுக்காமல், காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் இரும்பு நாற்காலியைப் போட்டார். வெந்நீர்ப் பை வரவில்லை. சுராயா தன் சால்வையை எடுத்து நீட்டப் போனாள். ஜான்சன் பார்த்த பார்வையில் அது பாதி வழியில் மடிக்குத் திரும்பியது. "இன்னாண்ணே, இன்னிக்கு ஒரு மாரி கீற" என்றாள் மெதுவாக.

படத்தில் ஒரு தபால்காரன். பனிமலையில் ஒரு கோவேறு கழுதையோடு ஏழு கிராமத்துக்குத் தபால் கொண்டுபோகிறான். மூட்டையில் ஒரு கடிதம் மட்டும் நனைந்து விலாசம் அழிந்துவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே மேலே ஏறுகிறான்.

முதல் பனி விழுந்தது. ஜாக்குலின் விழித்திருந்தாள். இரண்டாவது கிராமம் வந்தது. விழித்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, திரையோடு பேசவே ஆரம்பித்துவிட்டாள்.

"கழுதய ஏன் அந்த ஓரமா கட்றான்? வழுக்கிடும் பாரு."

கழுதை வழுக்கியது. வரதன் தொடையில் அடித்துக்கொண்டான். "அக்காவுக்கு மின்னாடியே தெரிஞ்சிப்போச்சி."

"நாலாவது மாடி தொடக்கறவளுக்கு தெரியாதா, எது வழுக்கும்னு" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

மாடியே சிரித்தது. இந்தமுறை அந்தச் சிரிப்பு அவளுடையதாக இருந்தது. ஜான்சன் படத்தைப் பார்க்கவில்லை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பனி வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே புதுப்பெண்போலத் தெரிந்தாள். கடலையை உரித்து வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள். ஐந்தாவது கிராமத்தில் கடிதத்தை வாங்க மறுத்த கிழவனை, "ஒனக்கு இனிமே தபாலே வராதுடா, போடா" என்று திட்டினாள்.

ஆறாவது கிராமத்தில் காற்று திரும்பியது. கோட்டைப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று கூரைத் தகரத்தை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே புகுந்தது. ஜாக்குலின் வலது பாதத்தை எடுத்து இடது பாதத்தின்மேல் வைத்தாள். பிறகு இடதை எடுத்து வலதின்மேல். உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டாள். தாடை மெல்ல ஆடியது. படம் முடிய இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது.

ஐந்தாவது மாடியில், யாரும் பார்க்காதபோது அவள் இப்படித்தான் நிற்பாள் என்று ஜான்சனுக்குத் தோன்றியது. வாரத்தில் ஆறு நாள் யாரோ வைத்த குளிரில் நடுங்கிவிட்டு வருகிறாள். ஏழாவதாக இந்தக் குளிரை வைத்தது தான்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் எழுந்துவிட்டார். புரொஜெக்டர் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த நாவற்பழ நிற ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே போனார். வரதன், "வேணாம் அண்ணாத்த" என்று காற்றோடு காற்றாகச் சொன்னான். அவர் காதில் குல்லாய்.

ஜாக்குலின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கைகளை நீட்டி நுழைத்துக்கொண்டாள்.

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சி."

கீழே உட்கார்ந்து சாக்ஸையும் அவரே மாட்டிவிட்டார். பாதங்கள் ஐஸ் பாரைப்போல இருந்தன. அதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் ஊரில் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சற்றுநேரம் கைக்குள் வைத்திருந்தார்.

திரையில் தபால்காரன் ஏழாவது கிராமத்தின் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டான். ஜன்னலில் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டுகிறான். உள்ளே யாரோ செருப்பைத் தேடுகிற சத்தம்.

சுராயா முட்டிபோட்டு எழுந்து உட்கார்ந்தாள். பெஞ்சமின் கடலை மெல்லுவதை நிறுத்தினான். ஜான்சன் நிமிர்ந்து பார்த்தார். ஜாக்குலினின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"போச்சி" என்றான் வரதன்.

ஜான்சன் புரொஜெக்டரிடம் போனார். திடீரென்று சத்தம் நின்றால் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார் என்பது கம்ப்ரசர் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பனிக்காற்று அடங்கியது, செருப்புச் சத்தம் அடங்கியது, கதவின் தாழ்ப்பாள் அசைகிற இடத்தில் படத்தை நிறுத்தினார்.

பத்துப்பேரும் திரும்பினார்கள். முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

"அண்ணே, கதவு தொறக்கப் போவுது" என்று சுராயா கிசுகிசுத்தாள்.

"நாளைக்கி தொறக்கட்டும். சாய்ங்காலம் ஆறு மணிக்கி எல்லாரும் வாங்க. நாளைக்கி அவளுக்கு லீவு, நல்லா தூங்கி எழுந்து வருவா. டேய் பெஞ்சமினு, நாளைக்கி என் டூட்டிய நீ பாத்துக்க."

ஞாயிறு மாலை டூட்டியை ஜான்சன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெஞ்சமின் தலையாட்டினான்.

"அதுவரைக்கும் அவன் வெளிய குளுருல நிக்கணுமா?" என்றான் வரதன், திரையைக் காட்டி.

"நிப்பான். எவனும் ராத்திரி போன்ல தேடி முடிவ பாக்கக் கூடாது. பாத்தவன் நாளைக்கி மாடி ஏறக் கூடாது."

நின்றுபோன பனியின் வெளிச்சம் இன்னும் ஜாக்குலினின் இமைகளில் விழுந்துகொண்டிருந்தது. ஜான்சன் புரொஜெக்டரை அணைக்கவும் தயங்கினார்; அணைத்தால் அது பீப் என்று கத்தும். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு, கார்த்திகை முதல் தை வரை ஊரில் எவரும் வெறுந்தலையாகப் பார்த்திராத அந்த மனிதர், காப்பிக்கொட்டை நிறக் குல்லாயைக் கழுத்திலிருந்து உருவிக் கழற்றினார். இரண்டாக மடித்து, புரொஜெக்டரின் கண்ணை மூடி, கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.