அப்துல் ரவூப் பிரித்துப் பார்த்த கடிதம்

கோவில்பட்டி கமிஷன் கடை ஒன்றில் அப்துல் ரவூப்புக்குப் பருத்தி பார்க்கிற வேலை. வண்டியில் வந்து இறங்கும் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருப்பதை ஒரு பிடி உருவி எடுப்பார். மேலே வெயிலில் காய்ந்த பருத்தியும் நடுவில் தண்ணீர் தெளித்த பருத்தியும் வைத்துக் கட்டி வருகிறவர்கள் உண்டு. நனைந்த பருத்தி எடை கூடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். சின்ன வயதில் மதுரையில் மாமா வைத்திருந்த நூல் சாயப்பட்டறையில் ஆறேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் ஊர் திரும்பியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவருக்கு இருபத்தெட்டு வயது.

அந்த வருஷம் பங்குனியில், பருத்தி வரத்து மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம், மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் ஒதுங்கினார். கழித்துப் போட்ட பஞ்சு அங்கே வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அதன் மேல் சிறுநீர் போனது. பஞ்சு சிவந்தது.

வலி இல்லை, எரிச்சல் இல்லை. காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு வந்து அடுத்த மூட்டைக்குள் கையை விட்டார். சாயங்காலம் போனபோது சாதாரணமாகத்தான் இருந்தது. நான்கு நாள் கழித்து மறுபடி சிவப்பு.

ரவூப்புக்கு நோய் என்று முதலில் தோன்றவில்லை. யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. கடையில் யார் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள், யார் டீ வாங்கி வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்தார். வெற்றிலையை விட்டார். டீயை விட்டார். சிவப்பு நிற்கவில்லை. கடைசியாக மிஞ்சியது வீட்டுச் சாப்பாடு.

வீட்டில் அவரும் மனைவி ஜரினாவும் மட்டும். விளாத்திகுளத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. இரண்டு மாதம் முன்பு அவள் தாய்வீடு போய்விட்டு வரும்போது முந்தானையில் எதையோ முடிந்து வந்ததை ரவூப் பார்த்திருந்தார். அன்றைக்குக் கேட்காமல் விட்டது இப்போது உறுத்தியது.

வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தின்றுவிட்டு வந்து, "பசியில்ல" என்று படுத்துக்கொண்டார். அவர் சட்டையில் ஜரினாவுக்குக் குருமா வாசனை தெரிந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் சோற்றுப் பானையை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"யார் வீட்டுல சாப்பிட்டுட்டு வருதீங்க? மறைக்காமச் சொல்லுங்க. ரெண்டாங் கல்யாணத்துக்கு ஏற்பாடு நடக்குதா?"

"நீ முதல்ல சொல்லு. எனக்கு என்னத்தைக் கலக்கிக் கொடுத்த?"

ஜரினாவின் முகம் மாறியது. மூட்டையின் நடுவில் கை பட்டதும் வண்டிக்காரர்களின் முகம் மாறுமே, அதே மாதிரி. ரவூப்புக்கு அது போதும்.

"பிள்ளை உண்டாகுததுக்கு ஒரு பொடி" என்றாள். "உம்மா ஒரு வைத்தியர்ட்ட வாங்கிக் கொடுத்தாவ. ரெண்டு பேரும் பால்ல சாப்பிடணும்னாவ. உங்ககிட்ட சொன்னா சாப்பிட மாட்டீங்க. நானுந்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே. உங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் சொல்லவில்லை. மறுநாள் சலவைக்குப் போட்ட கைலியில் ரத்தக்கறையைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு மீதிப் பொடியைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு, "நடங்க டாக்டர்ட்ட. இதையும் காட்டுவோம்" என்றாள்.

"நான் மட்டும் போறேன்" என்றார் ரவூப். பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

டாக்டர் சாமுவேல்ராஜ் ஊரில் ரொம்ப நாளாக வைத்தியம் பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக் குப்பியில் சிறுநீர் பிடித்துவரச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். பொடியை மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது" என்று ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"பீடி குடிப்பீங்களா?"

"எப்பமாவது."

"இதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?"

சாயப்பட்டறை என்று சொன்னதும் டாக்டரின் பேனா நின்றது. எத்தனை வருஷம், எந்த வயதில், சாயத்தைக் கையால் கலக்குவீர்களா என்றெல்லாம் கேட்டார். முழங்கை வரை சிவப்பும் நீலமுமாகத்தான் அப்போது அலைந்தேன் என்றார் ரவூப். டாக்டர் தலையாட்டினார். கேள்வி எதற்கு என்று சொல்லவில்லை.

"வீட்டுல பெரியவங்க யாரும் இருக்காங்களா?"

"இல்ல. எதுக்குக் கேக்குதீங்க?"

"சும்மாதான். சம்சாரத்தை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. இந்தக் கடுதாசியை மதுரை பெரியாஸ்பத்திரியில கொடுங்க. குழாய் விட்டு உள்ள பார்ப்பாங்க."

ஒரு நீளமான கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ரவூப் வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு வந்த நோயை எனக்குச் சொல்லாமல், என் கையிலேயே கட்டிக் கொடுத்தனுப்புகிறார். பெண்டாட்டியைக் கூட்டிவா என்கிறார். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்த மூட்டையையும் அவர் விட்டதில்லை.

ஜரினா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம், கொதிக்கிற உலை மேல் உறையைப் பிடித்தார். பசை இளகியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுத்துப் போல உருண்டையான எழுத்து. ஆனால் எல்லாம் இங்கிலீஷ். ரவூப்புக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், மூட்டைகளில் அடையாளம் எழுதிப் பழக்கம். வார்த்தை தெரியாது.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த வெயிலுமுத்து அவருடைய பள்ளித் தோழன். அவனிடம் கொண்டுபோனார். வெயிலுமுத்து ஒருமுறை வாசித்தான். மறுபடி மேலிருந்து வாசித்தான். தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணுமில்லலே. கல்லுன்னு போட்டிருக்கார். நீராகாரம் குடி, வாழைத்தண்டு சாப்பிடு, எளநீ குடி, தன்னால கரைஞ்சிரும். எங்க பெரியப்பாவுக்கு இதே மாதிரி வந்துது. எத்தனையோ பேருக்கு வருது."

ரவூப் கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டார். நனைந்த பருத்தி கொண்டுவருகிறவன்தான் அதிகம் பேசுவான். கல் என்று சொல்ல இருபது வரி எதற்கு?

அன்று ஒரு வழி கண்டுபிடித்தார். முழுக் கடிதத்தைக் காட்டினால்தானே ஆட்கள் மறைப்பார்கள்? கடிதத்தில் பெரிதாகத் தெரிந்த வார்த்தைகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில், எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினார். ஆளுக்கு ஒரு வார்த்தையாகக் கொண்டுபோனார். ஒரு வார்த்தையை மட்டும் பார்க்கிறவனுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்?

மருந்துக் கடைக்காரர் முதல் சீட்டைப் பார்த்து, "வலி இல்லாததுன்னு அர்த்தம் பாய்" என்றார். ரவூப்புக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தபால்காரர் இரண்டாவது சீட்டை வாசித்து, "குரோத். வளர்ச்சின்னு சொல்லலாம்" என்றார். எது வளர்கிறது என்று விளங்கவில்லை. மூன்றாவது சீட்டைச் சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிளாடர்! ஃபுட்பாலுக்குள்ள காத்தடிக்குற ரப்பர்லா இது?"

நாலாவது வார்த்தை யாருக்கும் தெரியவில்லை. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் பூவனநாதனிடம் போனார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடித்த அகராதியைப் புரட்டினார்.

"மாலிக்னன்ட். கெட்ட எண்ணம் உள்ள, வன்மம் உள்ள, பிறர்க்குத் தீங்கு நினைக்கிற. யாரைப் பத்தி எழுதியிருக்கு இது?"

ரவூப் சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். காது சுட்டது. பெண்டாட்டியைக் கூட்டிவா என்றது இதற்குத்தான். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினோமே, மனைவி மேல் பழி போடுகிறவன், வன்மம் பிடித்தவன் என்று மதுரைக்காரர்களுக்கு எழுதிவிட்டார். நேராக டாக்டரிடம் போனார். காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

"டாக்டரய்யா, வைத்தியம் பார்க்க வந்தா வைத்தியத்தைப் பத்தி எழுதணும். என்னைக் கெட்ட எண்ணம் பிடிச்சவன்னு எழுத உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

டாக்டர் திகைத்துப் பார்த்தார். ரவூப் கடிதத்தையும் சீட்டுகளையும் மேசையில் போட்டார். சாமுவேல்ராஜ் நான்காவது சீட்டை எடுத்து வாசித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது உங்களைப் பத்தி இல்ல, தம்பி. நீர்ப்பையில வளர்ந்திருக்குமோன்னு நான் நினைக்குற கட்டியைப் பத்தி. புத்துநோய்க்கு டாக்டர்மார் எழுதுற வார்த்தை அது."

ரவூப் நின்றுகொண்டே இருந்தார். வெளியே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பம் வெயிலுமுத்துவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் கடைசியில்.

"உட்காருங்க." டாக்டர் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி ஓர் இடத்தில் விரல் வைத்தார். "இந்தக் கொக்கியை ஏன் எழுதிட்டுப் போகல?"

"அது வார்த்தை இல்லையே."

"இந்தக் கடுதாசியில முக்கியமானதே அதுதான். கேள்விக்குறி. வார்த்தைக்கு முன்னால அதைப் போட்டா எனக்கு உறுதியாத் தெரியலைன்னு அர்த்தம். உங்களுக்கு வயசு இருபத்தெட்டு. இந்த வயசுல இது வருறது ரொம்ப அபூர்வம். ஆனா வலியில்லாம ரத்தம் போகுது, சாயத்துல கை வச்சிருக்கீங்க. அதனால எனக்குச் சந்தேகம். உள்ள பார்த்தாத்தான் தெரியும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

டாக்டர் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தார். "சொல்லியிருக்கணும்" என்றார். "பயந்து வராம இருந்துருவீங்களோன்னு நினைச்சேன். இனிமே எதுவானாலும் உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

வீட்டுக்குப் போனதும் ரவூப் ஜரினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் கேட்டது, "பொடியால இல்லைன்னு டாக்டர் சத்தியமாச் சொன்னாவளா?" என்றுதான். அவர் சொன்னது அவளுக்குப் போதவில்லை. மறுநாள் அவளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் சாப்பிட்டாள்.

மதுரையில் வார்டு கட்டில்களின் வரிசையை ரவூப் கவனித்துக்கொண்டே இருந்தார். நோயாளி யாரையாவது நர்ஸ் கதவோரக் கட்டிலுக்கு மாற்றினால், ஏன் மாற்றினார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்தார். குழாய் விட்டுப் பார்த்த அன்று மரத்துப் போக மருந்து போட்டும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே கொத்தாக ஒரு சின்ன வளர்த்தி இருந்தது, சுட்டு எடுத்தாயிற்று, துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பதினைந்து நாளில் பதில் வரும் என்றார் பெரிய டாக்டர்.

அந்தப் பதினைந்து நாளும் ரவூப் வீட்டில் ஜரினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்தால், எதற்கு இன்றைக்கு என்று கேட்டார். அதட்டாமல் பேசினால் அதற்கும் காரணம் தேடினார். வெயிலுமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்து வாசலிலேயே நின்றான்.

"கல்லு கரைஞ்சுதாலே?" என்றார் ரவூப்.

வெயிலுமுத்து அழுதுவிட்டான். "எப்படில சொல்லச் சொல்லுத? நீயா இருந்தாச் சொல்லுவியா?"

ரவூப் யோசித்தார். சொல்லியிருக்கமாட்டார்தான். அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் அவனிடம் வாசிக்கக் கொடுத்ததில்லை.

பதினேழாம் நாள் போய் ரிப்போர்ட்டை வாங்கினார்கள். புற்று இல்லை என்றார் பெரிய டாக்டர். ஆனால் இந்த வகை வளர்த்தி திரும்ப முளைக்கும், சமயத்தில் புற்றாகவும் மாறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தே ஆகவேண்டும் என்றார். ஜரினா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரவூப் நம்பவில்லை. ஊர் திரும்பியதும் ரிப்போர்ட்டைச் சாமுவேல்ராஜ் முன்னால் விரித்தார். ஒவ்வொரு வார்த்தையிலும் விரலை வைத்தார். டாக்டர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். முற்றுப்புள்ளி எது, கமா எது என்பதும் அதில் அடக்கம். கேள்விக்குறி எங்கும் இல்லை.

"அப்பம் நான் தப்பிச்சிட்டேனா?"

"இப்போதைக்கு. உங்களுக்கு இருக்குற சந்தேகபுத்தியை அந்த நீர்ப்பை மேல வச்சிருங்க. வீட்டுல இருக்குறவங்களை விட்டிருங்க."

இரண்டாவதை அவரால் முழுதாகச் செய்ய முடியவில்லை. பாலைக் கடைசிவரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். முதலாவதில் ஒருநாளும் தவறவில்லை. மூன்றாவது முறை போனபோது ஒரு சின்ன முளை இருந்தது, அதையும் சுட்டார்கள். அதற்கப்புறம் முளைக்கவில்லை. அறுபத்து மூன்றில் ஆயிஷா பிறந்தாள். அறுபத்தாறில், இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள்.

அப்படி ஒரு பயணத்தில் சாத்தூர் தாண்டி ரயிலில் நல்ல கூட்டம். அவர்கள் பெஞ்சிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "குடும்பத்தோட எங்க பாய், மதுரைக்கா? விசேஷமா?" என்று கேட்டார். வழக்கமாகத் துணி எடுக்க என்று சொல்வார்கள். அன்றைக்கு ரவூப் ஜரினாவைப் பார்த்தார். அவள் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் தடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி. நீர்ப்பையில புத்து வந்திருக்கான்னு வருஷா வருஷம் பார்க்குதது."

பெரியவர் ஓர் அங்குலம் நகர்ந்தார். இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தார். விருதுநகர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு எழுந்து போனார். அவர் விட்டுப்போன இடத்தில் ஜரினா துண்டை விரித்து, மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளைக் கால் நீட்டிப் படுக்கவைத்தாள்.