எண்ணெய் சேராத கேன்

1997 மே 11, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, முற்றம் தூத்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து, ஏழரைக்கு விறகுப்புரையில் ராஜன் மாமனின் வண்டிக்கு எரிபொருள் கலக்க உட்கார்ந்தேன். கரிந்த விளக்கெண்ணெயின் புகைமணம் அந்தக் கோடை முழுவதும் என் பாவாடையை விட்டுப் போகவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது.

அம்மாவின் தம்பியான மாமன் மஸ்கட்டில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் சலித்துப்போட்ட ரிமோட் லாரி ஒன்றை விடுப்பில் வந்தபோது கொண்டுவந்திருந்தார். முழங்கை நீளம்தான், ஆனால் உண்மையான எஞ்சினில் ஓடுவது. பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே இருந்த எங்கள் ஊரில், ரப்பர் மரங்களுக்கிடையிலான ஒற்றையடிப் பாதையில் அது அலறிக்கொண்டு பாயும்போது அம்மாவின் கோழிகள் வேலி தாண்டி ஓடின.

எஞ்சினின் தலையில் ஒரு சின்ன "பிளக்" உண்டு. அதற்குள் முடியளவு கம்பிச்சுருள். பேட்டரி வைத்து அதைச் சிவக்க வைத்தால் எஞ்சின் பற்றும். பேட்டரியை எடுத்த பிறகும் எரிபொருளின் சூட்டிலேயே கம்பி கனன்றுகொண்டிருக்க வேண்டும். மாமனிடம் வெவ்வேறு சூட்டளவில் மூன்று வகை பிளக் இருந்தது. "சூடன்", "நடுவன்", "தணுப்பன்" என்று பெயர் வைத்தோம். அவர் யார் கண்ணில் மண்ணைத் தூவியோ கொண்டுவந்த வெளிநாட்டு டின்னில் சூட்டைக் கூட்டும் நைட்ரோ கலந்திருந்ததால் அதற்குத் தணுப்பனே போதுமாயிருந்தது. டின் தீர்ந்ததும், நெய்யாற்றின்கரைப் பக்கம் வார்னிஷ் பட்டறை வைத்திருந்த கூட்டுக்காரனிடமிருந்து மெத்தனால் வாங்கிவந்து, நான்கு பங்குக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் சேர்த்தோம். நைட்ரோ இல்லாத இந்தக் கலவையில் தணுப்பன் உடனே அணைந்தான், நடுவன் திணறினான், சூடன் மட்டும் நின்றான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். கலந்த கேனுக்கு ஒன்று, கலக்காத கேனுக்கு இரண்டு என்று எண்ணும் போட்டேன்.

வண்டி ஓடும் பாதையைச் செத்திக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ரப்பர் வெட்டுகாரர் செல்லப்பண்ணன். "விளக்கெண்ணெ குடிச்சிட்டு ஓடுத லாரியா? எலே ராஜா, இதுக்கு வயிறு இளகாதா?" என்று கேட்டு மாமனையே சிரிக்கவைத்தவர்.

முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், மாமன் வெளியே போயிருந்தபோது, செல்லப்பண்ணன் விறகுப்புரைக்கு வந்தார்.

"மக்கா, எண்ணெ சேராத கேனு எதாக்கும்?"

"ரெண்டாவது."

"சுத்தமா உண்டா?"

"ஒரு சொட்டு எண்ணெ இல்ல அண்ணே."

அவர் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி கிழித்துப் போட்டார். நீலமாக எரிந்தது. "நல்ல சாதனமாக்கும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு ஒரு குப்பியில் ஊற்றி எடுத்துப்போனார். எங்கள் பக்கம் சாராயக்கடைகளை மூடி ஒரு வருடமாகியிருந்தது. சாராயம் குடித்துப் பழகியவர்கள் அதை இப்படித்தான் சோதிப்பார்கள் என்றும், நீலத் தீ மெத்தனாலுக்கும் உண்டு என்றும் எனக்குத் தெரியாது. வீட்டில் ஸ்டவ் பற்றவைக்க என்று நினைத்தேன். ஞாயிறு காலை கேனில் மூன்று விரல் குறைந்திருந்ததையும், எடுத்தவர் பெயரையும் நோட்டில் குறித்தேன்.

அன்று நடுப்பகலில் அவர் மனைவி கமலத்தக்காவின் கூப்பாடு கேட்டு ஓடினோம். செல்லப்பண்ணன் நடையில் வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு, "ஏன் இப்பிடி மூடல்மஞ்சு?" என்று கேட்டார். உச்சி வெயிலில் அவருக்கு மூடுபனி தெரிந்தது. மெத்தனால் வாய்க்குள் போனால் கண் போகும் என்று கலக்கும்போதெல்லாம் மாமன் எச்சரிப்பார்; அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மாமன்தான் ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு மணிக்குத் திரும்பி வந்தவரிடம் சிரட்டையையும் குப்பியையும் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது.

"என்னத்தக் குடிச்சாருண்ணு டாக்டர் கேட்டாரு. எல்லை தாண்டிப் போய்க் குடிச்சிருப்பாருண்ணு நான் சொல்லியாச்சு."

"போய்ச் சொல்லுலே," என்றாள் அம்மா. "அவனுக்கு ரெண்டு பிள்ளையளாக்கும்."

"போலீஸ் வந்தா எனக்க விசா போச்சு. பொறவு உனக்க பிள்ளைய யாரு படிக்க வைப்பா?"

அம்மா அடுக்களைக்குள் போனாள். மாமன் கேனைத் தென்னைமூட்டில் கவிழ்த்தார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா?" என்றார். தலையாட்டினேன்.

குடித்தது இன்னதென்று அன்றைக்கே தெரிந்திருந்தால் அதற்கான மருந்தை அன்றைக்கே தொடங்கியிருப்போம், பார்வை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். செல்லப்பண்ணன் அதற்குப் பின் பதினான்கு வருடம் இருந்தார், பார்வையில்லாமல். போலீஸ் வரவில்லை, மாமனின் விசா போகவில்லை, நான் படித்தேன். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பரும் இல்லை, பாதையும் இல்லை, வீட்டுமனைகள். பிள்ளைகள் ஓட்டுவதெல்லாம் பேட்டரி வண்டி. பிளக் என்றால் சுவரில் சொருகுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அன்றன்று எழுதிவந்த என் டயரிகளில் அந்த மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அன்று நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

மே 12, திங்கட்கிழமை. எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாற்றுத்துணி எடுக்க முதல் பஸ்ஸில் வந்திருந்த கமலத்தக்காவிடம், அண்ணன் குடித்தது எங்கள் கேனில் இருந்த மெத்தனால் என்று சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த லுங்கியைக் கீழே வைத்தாள்.

"இது உனக்கு எப்பம் தெரியும் மக்கா?"

"நேற்று மத்தியானம்" என்றேன்.