இரண்டு ஸ்லைடுகள் மாறிய வாரம்

தூத்துக்குடியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் பின்பக்க அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். முன்பக்கம் ரத்தம், சர்க்கரை பார்க்கிற கூட்டம் எப்போதும் நிற்கும். பின்பக்கம் யாரும் வருவதில்லை. நோயாளிகளின் உடம்பிலிருந்து டாக்டர்கள் வெட்டியெடுக்கும் சதைத் துணுக்குகள் மட்டும் பார்மலின் ஊற்றிய டப்பிகளில் வந்து சேரும்.

டப்பி வந்ததும் அதற்கு ஒரு எண் போடுவேன். அதன்பிறகு அந்த மனிதர் எங்களுக்கு அந்த எண்தான். துணுக்கை மெழுகில் பதித்து ஒரு கட்டியாக்குவோம், அதைப் பிளாக் என்போம். பிளாக்கை இயந்திரத்தில் வைத்து வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவோம். எங்கள் கூடத்தின் டாக்டரான மேடம் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். டப்பியில் போட்ட எண் பிளாக்கிலும் இருக்க வேண்டும், ஸ்லைடிலும் இருக்க வேண்டும். வழியில் எங்காவது அது தவறினால் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போய்விடும்.

இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஒரு கெட்ட பழக்கம் வைத்திருந்தேன். பிளாக்கைக் கையில் எடுத்த பிறகே அதற்கான ஸ்லைடில் எண் எழுத வேண்டும். நானோ வேலை வேகமாக ஓடட்டும் என்று காலையிலேயே பத்துப் பதினைந்து ஸ்லைடுகளில் பென்சிலால் வரிசையாக எழுதி அடுக்கி வைத்துக்கொள்வேன். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது தப்பு என்பதே மறந்துபோயிருந்தது.

அன்று வியாழக்கிழமை. முந்தின வாரத்துப் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் பெட்டிகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிளாக்கில் மூன்று சின்னத் துணுக்குகள் இருந்தன. அதே எண் போட்ட ஸ்லைடில் நீளமாக ஒரே துண்டு. கண் ஏமாற்றுகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடுத்த எண்ணை எடுத்தேன். பிளாக்கில் ஒரே நீளத் துண்டு, ஸ்லைடில் மூன்று துணுக்குகள். பதிவேட்டைப் புரட்டினேன். டப்பி வந்த அன்று நானே எழுதியிருந்தேன்: முதலாவது மூன்று துணுக்கு, இரண்டாவது ஒரே துண்டு. பிளாக்குகள் சரி. ஸ்லைடுகளின் எண்கள்தான் இடம் மாறியிருந்தன.

இரண்டுமே கன்னத்தின் உட்பக்கப் புண்ணில் எடுத்தவை. ஆகவே மேடத்துக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. ஒன்றுக்குப் புற்றுநோய் என்றும் மற்றொன்றுக்குச் சாதாரணப் புண் என்றும் ரிப்போர்ட் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். எந்த நொடியில் மாறியது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. போன் அடித்ததா, கரண்ட் போய் வந்ததா, ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

மேடத்தின் அறைக்குப் போய், "மேடம், நான் ரெண்டு ஸ்லைடை மாத்திட்டேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிளாக்கையும் ஸ்லைடையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "ரெண்டையும் திரும்ப வெட்டு. ஒண்ணு முடிச்சிட்டு ஒண்ணு. நான் பாத்து உறுதியாச் சொல்ற வரைக்கும் வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. இன்னொரு தடவை தப்பாச் சொல்ல நமக்கு உரிமை இல்ல" என்றார்.

வெட்டிச் சாயம் ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரமானது. மேடம் பார்த்தார். மாறியிருந்தது உண்மைதான். நல்ல ரிப்போர்ட் வாங்கிப் போனவருக்குத்தான் புற்றுநோய். அவர் புன்னைக்காயல்காரர், சரக்குத் தோணியில் சமையல் செய்கிறவர். புற்றுநோய் என்று கேட்டுப் போனவர் ஆறுமுகநேரியில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவருக்கு இருந்தது ஆறக்கூடிய வெறும் புண்.

மேடம் இருவருடைய டாக்டர்களையும் போனில் அழைத்தார். உப்பளத்துப் பெண்ணின் டாக்டர் கிடைத்தார். தோணிக்காரரின் டாக்டர் ஆபரேஷனில் இருந்தார், சாயங்காலம்தான் பேச முடியும் என்றார்கள். டப்பியோடு வந்த சீட்டில் இருந்த வீட்டு நம்பருக்கு நான் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவுக காலைலயே பஸ் ஏறிட்டாவளே. மத்தியானம் தோணி விடுது, மாலத்தீவுக்கு. என்ன விசயம்?"

"ரிப்போர்ட்ல ஒரு திருத்தம் இருக்குக்கா. அண்ணன்கிட்ட நேர்ல சொல்லணும்."

"நல்லாருக்குன்னுதான சொன்னாவ?" அவர் குரல் இறங்கியது. பிறகு, "தோணிக்குள்ள போனா போன் எடுக்க மாட்டாவ. தோணி பேரச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்றார்.

கடல் கொந்தளிக்கும் காற்றுக்காலம் முடிந்து அப்போதுதான் தோணிகள் மறுபடி கடலில் இறங்கியிருந்தன. போனால் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். நான் கிளம்பும்போது லேப் மேனேஜர் வாசலில் நிறுத்தினார்.

"போறது சரி. மாத்திட்டோம்னு எதுக்குச் சொல்லணும்? மறுபடியும் ஆராய்ஞ்சு பாத்ததுல வேற மாதிரி தெரியுதுன்னு சொல்லுங்க. அது பொய்யுமில்லல்லா."

"அப்படிச் சொன்னா அந்த ஆளு எந்த ரிப்போர்ட்ட நம்புவார் சார்? நல்லதச் சொன்னதத்தான் நம்புவார். தோணி ஏறிப் போயிருவார்."

மேடம் உள்ளேயிருந்து, "அவ சொல்ற மாதிரியே சொல்லட்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம், "நீ போ, டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பழைய துறைமுக வாசலில் பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று உள்ளே போகக் காத்து நின்றது. டிரைவரிடம் ஓடினேன். தோணியின் பேரைச் சொல்லி, "அதுல சமையல் பண்றவர வாசலுக்கு வரச் சொல்லுங்க அண்ணாச்சி. லேப்ல இருந்து வந்திருக்கேன், உயிர்ப் பிரச்சினைன்னு சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெயிலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் "நான் மாத்திட்டேன்" என்பது கடைசியில்தான் வந்தது. அந்த வார்த்தையை முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் தோணியின் தலைவர், தண்டல் என்பார்கள். பெரிய உடம்பு. பின்னால் ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி ஒல்லியாக ஒருவர்.

"யாரும்மா நீ? தோணி கெளம்புத நேரத்துல என் பண்டாரியக் கூப்பிட்டு விட்டது?" என்றார் தண்டல். தோணிச் சமையல்காரரைப் பண்டாரி என்றுதான் அழைப்பார்கள்.

நான் ஒல்லியானவரைப் பார்த்தேன். "அண்ணே, தப்பு என்னோடது. உங்க சதையோட நம்பரை இன்னொருத்தரோட மாத்தி எழுதிட்டேன். உங்களுக்கு வந்த ரிப்போர்ட் உங்களோடது இல்ல. உங்க புண்ணுல கேன்சர் இருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். இன்னைக்குக் கடலுக்குப் போகாதீங்க."

தண்டல் வெடித்தார். "வெளையாடுதியா? ஒரு நம்பர ஒழுங்கா எழுதத் தெரியாதா ஒனக்கு? நீயெல்லாம் எதுக்கு அங்கன உக்காந்துட்டு இருக்க?" காவலாளி, லாரிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏசுங்க அண்ணாச்சி. எனக்கு நல்லா வேணும். ஆனா அவர ஏத்திட்டுப் போயிராதீங்க."

பண்டாரி மெதுவாகக் கேட்டார். "போயிட்டு வந்து பாத்தா ஆகாதா தங்கச்சி? ஒரு மாசந்தான்."

"ஆகாது அண்ணே."

கன்னத்தை ஒரு விரலால் வெளியிலிருந்து அழுத்திக்கொண்டார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப என் ரிப்போர்ட்டக் கையில வச்சிக்கிட்டு ஒருத்தர் அழுதுட்டு இருக்காரா?"

"ஆமாண்ணே."

"எத்தன நாளா?"

"அஞ்சு நாளா."

"சொல்லியாச்சா?"

"இனிமேதான். தோணி போயிரும்னு இங்க முதல்ல வந்தேன்."

"அப்ப இங்கன ஏன் நிக்க? போய்ச் சொல்லு."

"நீங்க பையை எடுத்துட்டு வந்தாத்தான் போவேன்."

தண்டல் விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வரும்போது தோளில் பண்டாரியின் பை இருந்தது. அதை அவர் கையில் திணித்து, "கஞ்சி நாங்களே வச்சிக்கிடுதோம். நீ போய் வைத்தியத்தப் பாருலே" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பண்டாரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவருடைய டாக்டரின் மருத்துவமனைக்குப் போய், நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி உட்காரவைத்தேன். அவர் மனைவியும் பஸ் ஏறிவிட்டதாகப் போனில் சொன்னார்.

உப்பளத்துப் பெண்ணின் டாக்டர் அவர்களை மறுநாள் வரச் சொல்லிப் போனில் பேசியிருந்தார். காரணம் சொல்லவில்லை. இன்னும் ஒரு ராத்திரி அந்த அம்மா அப்படியே படுக்க வேண்டுமா என்று எனக்குத் தாங்கவில்லை. மேடத்திடம் சொல்லி, டாக்டரின் சம்மதத்தோடு, திருத்திய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஆறுமுகநேரியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அந்த அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். திருப்பூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நான் முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகு ரிப்போர்ட்டைச் சொன்னேன். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு விசும்பினாள். அம்மா என்னையே பார்த்தார்.

"ஏளா, பீரோ சாவிய மகட்ட குடுத்தாச்சு. செத்தா எந்தச் சேலையக் கட்டி விடணும்னு சொல்லியாச்சு. அஞ்சு நாளு பச்சத்தண்ணி எறங்கல எனக்கு. இப்ப வந்து ஒண்ணுமில்லங்கியா?"

"மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிக்கதெல்லாம் இருக்கட்டும். அது பொய்யின்னா இது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்பட்டும்?"

அது நியாயமான கேள்வி. "நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு லேபுக்கு வாங்கம்மா. உங்க கண்ணு முன்னால திரும்ப வெட்டுறேன். பக்கத்துலயே இருந்து பாருங்க" என்றேன்.

மறுநாள் வந்தார், கணவரோடு. பின்பக்க அறைக்குள் நோயாளி ஒருவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு என் தோளருகே நின்றார். பிளாக்கை எடுத்தேன். "நம்பர வாசி" என்றார். வாசித்தேன். ஸ்லைடில் எழுதினேன். "வாசி" என்றார். சீவலை ஏந்தி எடுத்தபோதும், சாயத்தில் இறக்கியபோதும், மேடத்தின் மேஜையில் வைத்தபோதும் வாசிக்கச் சொன்னார். மேடம் பார்த்துவிட்டு அவரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ரோஸ் கலராத்தான் தெரியுது" என்றார். மேடம் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். அதன்பிறகு அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன சோதனை என்றாலும் வேறு லேபுக்குத்தான் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி லேப் நிர்வாகம் கேட்டது. மேனேஜர் இரண்டு முறை அதைத் திருப்பிக் கொடுத்து வார்த்தைகளை மென்மையாக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் அதையே எழுதினேன்: ஸ்லைடுகளில் முன்கூட்டியே எண் எழுதி வைத்ததால் மாறியது, எழுதியது நான். வேலையை விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் நான் போய்விட்டால் அந்த அறையில் என்னைப் பார்த்துப் பழகியவர்களிடம் அந்த வழக்கம் அப்படியே இருக்கும். இருந்து மாற்றுவது என்று தீர்மானித்தேன்.

இப்போது ஒரு பிளாக் மேஜையில் இருக்கும்போது இன்னொரு பிளாக்கைத் தொடுவதில்லை. ஒவ்வொரு படியிலும் எண்ணை வாய்விட்டு வாசிக்கிறோம். ஸ்லைடின் வடிவமும் பிளாக்கின் வடிவமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மேடத்திடம் கொடுப்பதில்லை. இதனால் ரிப்போர்ட் அரை நாள் தாமதமாகிறது. ஆரம்பத்தில் டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். மேனேஜர் பழையபடி வேகமாகச் செய்யச் சொல்லி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் முடியாது என்றேன். நாலாவது தடவை அவர் வரவில்லை.

பண்டாரிக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கன்னத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள், கரண்ட் வைப்பது என்கிற கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்த சீசன் முழுக்க அவர் கரையில்தான் இருந்தார். வாய் இப்போது பாதிதான் திறக்கும், பேச்சும் குழறும். அடுத்த சீசனில் அதே தண்டல் அவரை அதே தோணியில் ஏற்றிக்கொண்டார். காரம் அவருக்கு ஆகாது என்பதால் குழம்பை இன்னொருவர் ருசி பார்த்துச் சொல்கிறாராம்.

போன மாசம் செக்கப்பில் தழும்பு பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு தெரிந்ததால் டாக்டர் துணுக்கு எடுத்தார். எந்த லேபுக்கு அனுப்ப என்று கேட்டதற்குப் பண்டாரி எங்கள் லேபைத்தான் சொன்னாராம். டப்பி என் மேஜைக்கு வந்தது. எண்ணை வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றாக முடித்து மேடத்திடம் கொடுத்தேன். மேடம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வெறும் தழும்புதான்" என்றார்.

டாக்டருக்குத் தகவல் போன பிறகு நானும் அவருக்குப் போன் செய்தேன்.

"நல்லாருக்கு அண்ணே."

"நம்பரப் பாத்துட்டியா?" குழறலாகக் கேட்டார்.

"மூணு தடவை பாத்துட்டேன்."

"சரி, அப்ப நான் தோணிக்குப் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.