ஜாஸ்மினும் பிரம்ம முகூர்த்தத்து நாய்க்குட்டிகளும்

எங்கள் வீட்டுக்குள் வந்து என்னைத் திட்டுகிற உரிமை இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருத்தர் என் கணவர் ராகவன். அந்த உரிமையை அவர் பயன்படுத்துவதில்லை, பயம். இன்னொருத்தி ஜாஸ்மின். மாதம் ஒரு முறை வந்து எங்கள் நாயைக் குளிப்பாட்டி, காது துடைத்து, நகம் வெட்டிவிட்டு, போகிற போக்கில் என்னையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறவள்.

கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். கரையில் கிடக்கும் தூண்டில் முள்ளில் மீன் வாசனைக்கு வாய் வைத்து, உதட்டில் மாட்டிக்கொண்டு கத்துகிற நாய்களை அவள் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறாள். முதல் முள்ளை எடுத்தபோது அவளுக்கு எட்டு வயது. கடித்ததா என்று கேட்டேன். "கடிக்காம? அதுக்கு வலிக்குதில்ல?" என்றாள், நாயின் கட்சியில் நின்று. பிறகு அடையாறில் நாய்களுக்கான சலூன் ஒன்றில் ஆறு வருஷம் வேலை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாயைச் சூடான காற்றுப் பெட்டிக்குள் போடு என்று முதலாளி சொல்ல, "நீ மொதல்ல உள்ள போ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள்தான். அன்றிலிருந்து ஒரு ஸ்கூட்டர், ஒரு பை. மயிலாப்பூர், கோபாலபுரம், கோட்டூர்புரம் என்று வீடு வீடாகப் போகிறாள். நாய்களிடம் கோபமே வராது. மிச்சமாகிற கோபம் எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு.

எங்கள் நாய் பாகு. இரண்டு வயது லேப்ரடார். நிறத்தைப் பார்த்து மைசூர்பாகு என்று பெயர் வைத்தோம், கூப்பிடுவதற்குள் மூச்சு முட்டியதால் பாகு ஆனான்.

போன தை மாதத்தில் ஒரு நாள் காலை, பால்கனி கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துப் பாகு தாவினான். முன்னங்கால் நகம் கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவன் வீரிட்டதில் அடுப்பில் இருந்த பாலையே மறந்துவிட்டேன். நகம் அடியோடு பிளந்து, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பயந்து ஓடிய இடமெல்லாம், ஹால், பூஜை அறை வாசல், என் தம்புரா உறை எல்லாம் ரத்தம்.

தப்பு என்னுடையதுதான். நான் பாட்டு டீச்சர். மார்கழியில் நான் மனுஷியே இல்லை, காலையில் ஒரு சபா, சாயங்காலம் ஒரு சபா. ஜாஸ்மின் இரண்டு தடவை போன் செய்தாள். பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டேன். பாகுவின் நகத்துக்குக் கச்சேரி சீசன் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டது.

பதற்றத்தில் என் அம்மா எனக்குச் செய்ததை நான் பாகுவுக்குச் செய்தேன். ஒரு பிடி காப்பிப்பொடியை அள்ளிக் காயத்தில் அப்பினேன். அவன் நக்க ஆரம்பித்தான். ராகவன் ஜுர மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, அதற்குள் நான் போனில் அலறியதைக் கேட்டுக் கோட்டூர்புரத்திலிருந்து ஜாஸ்மின் வந்து சேர்ந்தாள்.

"இன்னா மாமி இது? காலா, காப்பி டம்ளரா?"

"ரத்தம் நிக்கும்னு போட்டேன்டி."

"நாய்க்குக் காப்பி ஆவாது. மாத்திரைய உள்ள வைங்க சார், அது வெசம். ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?"

பாகுவை மடியில் சாய்த்துக்கொண்டாள். முதலில் ஒரு துணிப்பட்டையால் அவன் வாயை இதமாகக் கட்டினாள். பாகு என்னை ஒரு நாளும் கடித்ததில்லை என்றேன். "வலி வந்தா யாரா இருந்தாலும் கடிப்பாங்க, நான் கூட கடிப்பேன்" என்றாள். தண்ணீரை ஊற்றிக் காப்பிப்பொடியைக் கழுவினாள். தொங்கிய துண்டை ஒரே வெட்டில் எடுத்தாள். "அவ்ளோதான் நைனா, அவ்ளோதான்." பழைய பவுடர் டப்பாவில் வைத்திருந்த சோளமாவைப் பஞ்சுத் துணியில் கொட்டிக் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தாள்.

அதுதான் அவளுடைய கடிகாரம். மெதுவாகப் பத்து முறை சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்க மாட்டாள். நாலாவது முறையிலேயே நான் துணியைத் தூக்கிப் பார்க்கப் போனேன். கண்ணைத் திறக்காமலேயே என் கையைத் தட்டிவிட்டாள். "தொறந்து தொறந்து பாத்தா எப்பிடி நிக்கும்? இன்னா, குக்கரா?" நானும் என் பங்குக்கு மனசுக்குள் ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடி முடித்தேன். ரத்தம் நின்றுவிட்டது.

கட்டுப் போட்டு, மேலே ராகவனுடைய பழைய சாக்ஸை மாட்டிவிட்டு, "டாக்டராண்ட காட்டிடுங்க, நான் டாக்டர் இல்ல" என்றாள். பிறகு வெட்டி எடுத்த நகத்துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பொடிந்தது.

"ஜானு பசங்களுக்கு எல்லாம் நகம் இப்படித்தான் கீது. கோபாலபுரத்துல ஜெயராம் சார் வூட்டு நாய்க்கும் போன வாரம் இதே கததான்."

ஜானு என்பது பாகுவின் அம்மா. பாகுவை நாங்கள் வாங்கியது ஈசிஆர் சாலைப் பக்கம் நாய் வளர்த்து விற்கிற சுயம்புலிங்கம் என்பவரிடம். அங்கேயும் மாதாமாதம் நகம் வெட்டப் போகிறவள் ஜாஸ்மின்தான் என்பது எனக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. அவர் போனில் அனுப்பிய படத்தில் புல்தரை இருந்ததே, ரோஜாச் செடி இருந்ததே என்றேன்.

"அது யாரு வூட்டுப் புல்லோ. ஜானு நிக்கறது கம்பிக் கூண்டு மாமி. மண்ண மிதிச்சே வருசக்கணக்கா ஆவுது. குட்டி போட்டுப் போட்டு ஒடம்புல ஒண்ணுமே இல்ல. இன்னொரு ஈத்து தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்தாளு அடுத்த மாசம் மறுபடி சேக்கப் போறான்."

"இத்தனை நாள் வாயைத் தெறக்காம என்னடி பண்ணிண்டிருந்தே?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வாயத் தொறந்தா கேட்ட சாத்திடுவான். ஜானுவோட சேத்துப் பன்னெண்டு பேரு உள்ள கீறாங்க. மாசத்துல ஒரு நாளு நான் ஒருத்திதான் போய்க் காலப் பாக்குறேன், காதப் பாக்குறேன். அதுவும் இல்லன்னா?"

நான் பாகுவின் சாக்ஸைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

இதற்குள் ராகவன் உள்ளே போய்ப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்துவிட்டார். அவர் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். பாகுவை வாங்கும்போது, நட்சத்திரம் குறிக்க வேண்டும், பிறந்த நேரம் வேண்டும் என்று சுயம்புலிங்கத்திடம் கேட்டு வாங்கினார். நாய்க்கு நட்சத்திரம் பார்க்கிற ஆள் உலகத்தில் இவர் ஒருத்தர்தான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அது தவறு. கோபாலபுரம் ஜெயராமும் கேட்டு வாங்கியிருக்கிறார். மயிலாப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு எது வேண்டும் என்று சுயம்புலிங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் தேதி, நேரம், அம்மா பெயர் எல்லாம் வாட்ஸப்பில் எழுதியே அனுப்பியிருந்தார்.

ராகவன் ஜெயராமுக்குப் போன் செய்து அவருடைய நாயின் ஜாதகத்தை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

சனிக்கிழமை காலை நாங்கள் சுயம்புலிங்கத்தின் வீட்டுக்குப் போனோம். ஜாஸ்மின் அங்கே நகம் வெட்டுகிற நாள் அது. எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். பேசப் போவது நாங்கள். அவளுக்கு அந்த கேட் வேண்டும்.

முன்னறையில் சோபா, சாமி படம், கண்ணாடிக் கூஜாவில் பிஸ்கட். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கிருந்து வந்த நாற்றத்தை ஊதுபத்தி மறைக்கப் பார்த்துத் தோற்றிருந்தது.

"வாங்க சார், வாங்க மாமி. இன்னொரு குட்டி வேணுமா?"

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார் ராகவன், அதி மரியாதையாக. "எங்க பாகு புரட்டாசி அஞ்சாம் தேதி, காத்தால நாலு நாப்பதுக்குப் பொறந்தான்னு எழுதியிருக்கேள். ஜெயராம் ஆத்து நாய் அதே வருஷம் கார்த்திகை அஞ்சு. அதுவும் நாலு நாப்பது. ரெண்டுக்கும் அம்மா ஜானு. அறுபத்தோரு நாள்ல ரெண்டு பிரசவம், ரெண்டும் பிரம்ம முகூர்த்தத்துல. நான் அட்டவணை போட்ட ரயில் ஒண்ணு கூட இவ்வளவு கரெக்டா வந்ததில்லே."

"ஜானு கொஞ்சம் ஸ்பெஷல் சார்."

"நாய் சினையா இருக்கறதே அறுபத்து மூணு நாள்."

சுயம்புலிங்கத்தின் சிரிப்பு சுருங்கியது. டைப் பண்ணும்போது தப்பாகிவிட்டது என்றார். ஆபீஸ் பையன் செய்தது என்றார். ஆபீஸும் இல்லை, பையனும் இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பி, "ஜாஸ்மின், இங்க வா" என்று கத்தினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"மாசாமாசம் வர்றவ நீதானே. புரட்டாசில ஒரு ஈத்து, கார்த்திகைல ஒரு ஈத்து. நீ பாத்தேல்ல? சார்கிட்ட சொல்லு."

சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினேன். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போ. ஒரு வார்த்தைதான், கேட் உனக்கு இருக்கும். ஜாஸ்மின் என்னைப் பார்க்கவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஈத்து சார். தீவாளிக்கு முன்னாடி, ஏழு குட்டி. மாமி வூட்டுக்குக் குடுக்கசொல்லோ பாகுவுக்கு ஒரு மாசம்தான், பால் கூட மறக்கல. ரெண்டு மாசம்னு சொல்லிக் குடுத்தீங்க. ஒண்ணு விக்காம நின்னுகினு இருந்திச்சி. மூணு மாசம் ஆனதும் அதுக்கு வயசக் கொறச்சிக் கோபாலபுரத்துல குடுத்துட்டீங்க."

கல்யாணத் தரகர் கூட வயதைக் குறைக்க மட்டும்தான் செய்வார். இந்த மனுஷர் வேண்டியபோது கூட்டவும் செய்திருக்கிறார்.

"வெளிய போ" என்றார் சுயம்புலிங்கம். "இனிமே இந்த கேட்டுக்குள்ள காலை வைக்காதே."

"ஜானுவக் குடு, போறேன்."

"அடுத்த ஈத்துக் குட்டிக்கு புக்கிங் வந்தாச்சு!"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் மேல்ஸ்தாயியில் சாதகம் செய்த குரல். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எதிர் வீட்டு மாடியிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் தலைகள் தெரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் ராகவன் அமைதியாகச் சொன்னார்: "எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கப்படாதுன்னு சட்டம் இருக்கு. நீங்க வாட்ஸப்புல எழுதி அனுப்பினது எங்கிட்ட இருக்கு. சாட்சியும் இதோ நிக்கறா."

சுயம்புலிங்கம் சுவர் மேல் இருந்த தலைகளை ஒரு தடவை பார்த்தார். "வயசான நாய்தானே, எடுத்துட்டுப் போங்க" என்றார். ராகவன் அதையும் எழுதி வாங்கினார், தேதி, நேரத்தோடு.

ஆட்டோவில் ஜானு ஜாஸ்மின் மடியில் தலை வைத்துக் கிடந்தது. நான் வெற்றி வீராங்கனை மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஜாஸ்மின் அழுதுகொண்டிருந்தாள்.

"பதினோரு பேரு உள்ள கீறாங்க மாமி. இனிமே யாரு பாப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தியவள் நான், இழந்தவள் அவள். அவள் அன்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

அவள் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. திங்கட்கிழமையே விலங்கு நல வாரியத்துக்குப் புகார் எழுதினாள், தன் பெயரில், தன் கையெழுத்தில். என் பெயரைப் போடு என்றேன். "நீங்க கூண்டப் பாத்தீங்களா? நான்தானே பாத்தேன்" என்றாள். மூன்று வாரத்தில் அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். பதிவு செய்யும்வரை இனச்சேர்க்கை கூடாது, கூண்டை எடுத்துவிட்டு வெளியே நடக்க இடம் விட வேண்டும், அடுத்த மாதம் திரும்பி வந்து ஒவ்வொரு நாயாகப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஜானுவுக்குக் கருப்பை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அது கொட்டிவாக்கத்தில் ஜாஸ்மின் வீட்டில்தான் இருக்கிறது. கடற்கரையில் முதல் நாள் அலையைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் தெருவே சிரித்ததாம்.

ஆனால் அந்த கேட் மட்டும் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பதினோரு பேரைப் பற்றி அவளாகப் பேசமாட்டாள். நானாகக் கேட்கவும் மாட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் எங்கள் குளியலறையில் பாகுவுக்குத் தலை முதல் வால் வரை சோப்புப் போட்டிருந்தாள். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஜாஸ்மின், சுயம்புலிங்கம் பேசறேன்." குரல் ஒரு இறங்கு இறங்கியிருந்தது. "நகமெல்லாம் வளந்து போச்சு. ரெண்டு ஆளு கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேரையும் கடிச்சு வச்சிருச்சுங்க. ஆபீசருங்க வேற வரப் போறாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஜாஸ்மின் பாகுவின் முதுகிலிருந்து கையை எடுக்காமலேயே பேசினாள்.

"கேட்டு சாவி ஒண்ணு என் கையில இருக்கணும். நெனச்ச நேரம் வருவேன், நெனச்ச நேரம் பாப்பேன். சரின்னா சொல்லு."

அந்தப் பக்கம் நாய்கள் குரைப்பது கேட்டது.

"சரி, வா."

அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நுரை வழிகிற கையோடு படியில் ஓடினாள். பாதிப் படியிலிருந்து, "கண்ணுல சோப்பு படாம ஊத்துங்க மாமி!" என்று அங்கேயும் எனக்கு ஒரு அதட்டல்.

அன்று பாகுவை நான்தான் குளிப்பாட்டி முடித்தேன். புடவை முழுக்க நனைந்து போயிற்று. கொஞ்சம் கூடக் கோபம் வரவில்லை.