மேல்கதவு திறந்த ஜன்னல்

நேற்று மட்டாஞ்சேரியில் எங்கள் பழைய சந்தில் நின்று ஒரு ஜன்னலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவோடு வந்த பெண் ஒருத்தி, "சேட்டா, ஒண்ணு மாறி நிக்காமோ?" என்றாள். படத்தில் நான் விழக்கூடாதாம். நியாயம்தான், ஜன்னல் என்னைவிட லட்சணமாக இருந்தது.

இந்த ஜன்னல் பைத்தியம் எனக்குப் பழையது. அங்கே பழைய வீடுகளின் ஜன்னலுக்கு நான்கு கதவு, மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவை மட்டும் திறந்தால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண் உள்ளே போகாது. சுள்ளிக்கல்லுக்கு வேலைக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்தபடி நடந்து சாக்கடையில் கால் விட்டிருக்கிறேன். "இவனுக்கு ஒரு ஜன்னலைப் பாத்துத்தான் கட்டி வைக்கணும்" என்பாள் அம்மா.

நேற்று பார்த்த ஜன்னலில் வார்னிஷ் வாடை. அந்த நாளில் தேங்காயெண்ணெயில் மீன் பொரிகிற மணம் வரும். அது ஆமினாத்தாவின் அடுக்களை. அவர்கள் வாசல் அடுத்த தெருவில். இந்த ஜன்னல் மட்டும் எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரெதிரே. இரண்டிலும் கீழ்க்கதவு எப்போதும் சாத்தியிருக்கும், மேலே முகம் மட்டும் தெரியும்.

"சேச்சி, சாயா குடிச்சோ?"

"ஆச்சு ஆமினா. இன்னைக்கு என்ன மீனு?"

அதன்பிறகு உலை பொங்கி வழிந்தாலும் அம்மாவுக்குக் காது கேட்காது. அப்பாவுக்கு மிளகுக் கிட்டங்கியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்கு இங்கே பாஷையும் தெரியாது, ஆளும் தெரியாது. இரண்டும் அந்த ஜன்னல் வழியாக வந்தவை. அப்பா இறந்தபிறகு பகல் முழுக்க ஆமினாத்தா அங்கேயே நின்றார். பேசக்கூட இல்லை, சும்மா நின்றார். இத்தனைக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. போகத் தோன்றவே இல்லை.

பிறகு அவர்கள் வீட்டை ஹோட்டல்காரர் வாங்கினார். மகன் ஆமினாத்தாவைப் பள்ளுருத்தியில் ஒரு பிளாட்டுக்குக் கூட்டிப்போனான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அழைத்துப்போனேன்.

கதவைத் திறந்த ஆமினாத்தா அம்மாவின் தோளுக்குக் கூட வரவில்லை. ஒரு கால் சூம்பியிருந்தது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதமாம். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து உட்கார்ந்தார். சோபாவில் அருகருகே இருந்தும் இருவருக்கும் பேச்சு வரவில்லை, பெண் பார்க்க வந்த வீடு மாதிரி கூச்சம். சாயா ஆறிப்போனது. மகன்தான் சிரித்தபடி சொன்னான்: "உம்மா ஸ்டூல்ல கேறி நின்னல்லே சேச்சியோட பேசிட்டிருந்தது."

திரும்பும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கால வச்சுக்கிட்டு தினமும் நின்னுருக்கா. ஒரு நாளாவது அவள உக்காரச் சொல்லிருக்கனா நான்."

 

அடுத்த மழைக்காலத்தில் ஆமினாத்தா இறந்த செய்தி வந்தது. அம்மா எழுந்துபோய் எங்கள் ஜன்னலின் மேல்கதவைச் சாத்தினாள். அவள் இருந்தவரை அந்த அடுக்களையில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைத்தோம். இப்போது அம்மாவும் இல்லை. எங்கள் வீட்டை இடித்த இடத்தில் ஹோட்டல் கார்கள் நிற்கின்றன. எதிரே அந்த ஒரு ஜன்னலைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், நான்கு கதவையும் சாத்தி.