கபிலனுக்கு ஆறு நிமிடம்

பூவம்மா தன் ஐம்பத்து நான்கு வயதுக்குள் ஒருநாளும் நாலு பேர் முன்னால் நின்று பேசியதில்லை. சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் வீடு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அங்கே அவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. தரை பளபளத்தால் போதும். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை ஒன்றின் மாடியில் கூடும் தமிழ்ப் பேச்சாளர் மன்றத்தில், கையில் தாளோடு எழுந்து நின்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மகன் கபிலனின் மரண விசாரணை. குடும்பத்தார் கேள்வி கேட்கலாம் என்று கடிதம் வந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் இருப்பார், மொழியைப் பற்றிப் பயமில்லை. எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் பயம். மன்றத் தலைவர் வடிவேலு பக்கத்து வீட்டுக்காரர். வந்து ஒருதடவை பேசிப் பாருங்க என்று அவர்தான் கூட்டி வந்தார்.

கபிலன் இருபத்தாறு வயதில் ஓர் எண்ணெய்த் தொட்டியைக் கழுவ இறங்கி, உள்ளேயே மூச்சுத் திணறிச் செத்தான். ஒருவன் உள்ளே இறங்கினால் இன்னொருவன் வெளியே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நிற்க வேண்டிய ஆளை அன்று லாரியிலிருந்து சாமான் இறக்க அனுப்பிவிட்டார்கள் என்று, உடன் வேலை செய்த ஒருவன் சாவு வீட்டில் அவள் காதோடு சொன்னான். சொந்தக்காரர்களோ அவன் விதி அவ்வளவுதான் என்றார்கள். எந்த விதி அந்த ஆளை லாரிக்கு அனுப்பியது? சனி கிரகமா வந்து உத்தரவு போட்டது? ஓர் ஆளை மிச்சம்பிடித்தவர்களுக்கு விதியைப் போலக் கூலி கேட்காத வக்கீல் வேறு யார் கிடைப்பார்?

பூவம்மா பேசினாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை என்று ஆரம்பித்தாள். மழை நாளில் குடையோடு பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பான். பந்தாட்டம் பார்த்துக் கத்துவான். கீழ் வீட்டுச் சீனக் கிழவர் மேலே வந்து கதவைத் தட்டுவார். நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது, பிறகு மஞ்சள், ஆறாவது நிமிடத்தில் சிவப்பு. அவள் எதையும் பார்க்கவில்லை. சிவப்புக்குப் பிறகு அரை நிமிடம் தாண்டினால் எல்லாரும் கைதட்டிப் பேச்சாளரை உட்கார வைப்பது மன்றத்தின் வழக்கம். அங்கிருந்த பன்னிரண்டு பேரும் தட்டினார்கள். பழக்கதோஷத்தில் வடிவேலுவும் தட்டினார். பேச்சு பிடித்துப்போய்த் தட்டுகிறார்கள் என்று நினைத்து, அவள் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகுதான் பக்கத்தில் இருந்த மர்யமிடம் மெதுவாகச் சொன்னாள்: “நான் இன்னும் கேள்விக்கே வரலையேம்மா.”

மர்யம் பள்ளி ஆசிரியை, அன்றைய பேச்சுகளுக்கு மதிப்பீட்டாளர். கைதட்டலின் பொருளை அவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பூவம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வடிவேலு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“அங்கேயும் நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டாள் பூவம்மா.

“தெரியலை ஆன்ட்டி,” என்றாள் மர்யம். “ஆனா கேள்வியை முதல்ல கேட்டுடுங்க. அப்புறம் அழுகை வந்தாலும் பரவால்ல, கேள்வி வெளிய வந்திருக்கும்லா.”

தேநீர் இடைவேளையில் இருவரும் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மர்யம் பேனாவை நீட்டினாள். எதை அடிப்பதென்று அவள் சொல்லவில்லை. பூவம்மாவே அடித்தாள். எட்டாம் மாதம் போனது. குடை போனது. கீழ் வீட்டுக் கிழவரை அடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மிஞ்சியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

“இதுல தொட்டிதான் இருக்கு. என் பிள்ளை இல்லையே.”

வகுப்பில் எத்தனையோ கட்டுரைகளைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்த மர்யம், கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை முடிந்ததும் வடிவேலு பூவம்மாவை மறுபடியும் அழைத்தார். அவள் முன்னால் போய் நின்றாள். தாளைப் பார்க்கவில்லை.

“என் மகன் உள்ள இருந்தப்போ வெளிய நிக்க வேண்டிய ஆளை யார் அனுப்பினாங்க?”

அவ்வளவுதான். நாக்கு ஒட்டவில்லை, குரலும் நடுங்கவில்லை. நன்றாக வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.